ஆனைக்கொய்யாவுக்கு யார் பேர் வைச்சது?

பலாபத்வல என்று எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னதும் தமிழ் ஆட்களுக்கு வருகிற முதல் எண்ணம் ஒன்றுதான். பலா மரம் நிறைய நிற்கிற ஊராக்கும்! நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டு வளர்ந்தோம். சுற்றிப் பார்த்தால் பலா மரங்களும் நின்றதால் சந்தேகமே வரவில்லை. கெம்பஸ் வந்து சிங்கள நண்பர்களோடு ஒரே அறையில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சிங்களத்தில் 'பலா' என்றால் கீரை. நாம் பலா என்று சொல்வது அவர்களுக்கு 'கொஸ்'. இருபது வருஷமாக, ஊர்ப்பெயருக்குள் இல்லாத ஒரு பழத்தை வைத்துக்கொண்டு பெருமை பேசியிருக்கிறோம்.

அந்த வெட்கத்தில் ஆரம்பித்த தேடல்தான் இது. நமது ஊர்ப் பழங்களை நமது ஆட்கள் முதன்முதலாக எப்போது கண்டார்கள், கண்டபோது என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனோம். கேள்வி பழத்தோடு நிற்கவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். தம்புள்ளையிலிருந்து ஏ9 வீதியில் மாத்தளைக்கு வரும்போது, நாலந்தையைத் தாண்டி, மாத்தளை டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் வருவது பலாபத்வல. மாத்தளைப் பக்கம் வீதியோரமாக வாசனைத் திரவியத் தோட்டம் என்று போர்டு போட்டு, டூரிஸ்ட் பஸ்களை நிறுத்தி, மிளகுக் கொடியும் வனிலாவும் கொக்கோ மரமும் காட்டுவார்கள். கொக்கோக் காய் கிளை நுனியில் தொங்காது, மரத்தண்டிலேயே நேராக ஒட்டிக்கொண்டு காய்க்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பார்கள். சின்ன வயதில் நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இதே வீதியில் நடந்து வந்த எங்கள் ஆட்களும் ஒரு நாள் அப்படி வாயைப் பிளந்துதான் நின்றிருப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

நடந்து வந்தது என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. 1820களில் கண்டிப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் ஆரம்பமாகி, அடுத்த இருபது வருஷத்தில் மலையெல்லாம் பரவின. கங்காணிமார் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். தலைமன்னார், வங்காலை, அரிப்பு என்று மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்தால் மாத்தளை. வடக்குப் பாதை என்று சொல்வது இதைத்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தவர்கள் மாத்தளைக்குள் நுழைவதற்கு முன்னால் கடந்த இடம்தான் எங்கள் ஊர்ப்பக்கம். 2023இல் மலையக மக்களின் 200 வருஷத்தை நினைத்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் ஒரு நடைபவனி தலைமன்னாரில் தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அதுவும் வந்தது அந்தப் பழைய வழியில்தான்.

அவர்கள் பழமே தெரியாத ஆட்கள் இல்லை. மா, பலா, வாழை என்று முக்கனி சொல்லி வளர்ந்தவர்கள். பனை, நாவல், இலந்தை, விளா எல்லாம் தெரியும். அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த அன்னாசியும் கொய்யாவும்கூட அதற்குள் தமிழ்ப் பழங்களாகிவிட்டன. 'அனனாஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லை அன்னாசி ஆக்கிப் பல தலைமுறை ஆகியிருந்தது. ஆனால் மலையில் ஏறியதும் அவர்கள் கையில் முதலில் கொடுக்கப்பட்ட பழம் வேறு. அது கோப்பி. நாங்கள் கோப்பி என்றால் தூளைத்தான் நினைக்கிறோம். மரத்தில் அது சிவப்பான, லேசாக இனிக்கிற ஒரு சின்னப் பழம். தோட்டத்துக்குத் தேவை அதற்குள் இருக்கிற கொட்டை மட்டும். சதையைப் பிதுக்கி ஆற்றில் விட்டுவிடுவார்கள். பழம் பறிக்கத்தான் கடல் தாண்டி வந்தார்கள், தின்கிறதற்கில்லாத பழம்.

அந்த மக்கள் இதையெல்லாம் முதன்முதலாகப் பார்த்தபோது என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைத்த ஆள் யாரும் இல்லை. வந்தவர்களில் அநேகமானவர்களுக்கு எழுத்துத் தெரியாது. இந்த மலைகளில் தெரியாத பழத்தைக் கண்ட அந்நியன் ஒருவனின் எழுத்து வேண்டுமென்றால், இன்னும் 150 வருஷம் பின்னால் போய் ஒரு வெள்ளைக்காரனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கப்பல் வந்து நின்றபோது, தகப்பனோடும் மற்ற மாலுமிகளோடும் சேர்த்து இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு 19 வயது. எங்களைவிடச் சின்னவர். அடுத்த 19 வருஷமும் கண்டி இராச்சியத்துக்குள்ளேயே சிறை. சிறை என்றால் கம்பிக் கதவு இல்லை. கிராமத்துக்குக் கிராமம் பிரித்து விட்டுவிட்டார்கள். தொப்பி பின்னி விற்றார், பன்றியும் கோழியும் வளர்த்தார், ஊர் பாஷை படித்தார். 1679இல் தப்பி, அனுராதபுரத்துக் காட்டுக்குள்ளால் நடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது. ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் தப்பிப்போய்ச் சேர்ந்த அதே கரையில்தான் பின்னாளில் எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் வெளியே, மற்றவர்கள் உள்ளே.

பழங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் பலாவுக்குத்தான் மரியாதை அதிகம். பிஞ்சாக இருக்கும்போது பொலொஸ், முற்றிய காய் கொஸ், பழுத்தால் வரகா அல்லது வெல என்று, ஒரே மரத்துக் காய்க்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர்களை அவர் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறார். வரகா சுளை கெட்டியானது, வெல குழைகிறது, வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்றுகூடச் சொல்கிறார். பலாபத்வலையில் இன்றைக்கும் வீதியோரம் பழம் விற்கிறவரிடம் 'வரகாவா, வெலவா' என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம். 340 வருஷத்துக்கு முந்திய புத்தகம் ஒன்று நேற்றுச் சந்தைக்குப் போய்வந்த மாதிரிப் பேசுவதைப் படிக்கும்போது ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. பலா அங்கே பழமில்லை, அரிசி குறைகிற காலத்துச் சாப்பாடு என்பதையும் அவர் விளங்கிக்கொண்டார். புதுக்கோட்டையிலிருந்து வந்தவர்களுக்குப் பலா மரம் புதிது இல்லை. அதைக் காயாகவே அவித்து, தேங்காய்ப்பூவோடு ஒரு வேளைச் சோறாகச் சாப்பிட்டுப் பசியாறுவது அவர்களில் பலருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

நொக்ஸ் எழுதியதில் எங்களை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது இன்னொரு செய்தி. இவ்வளவு நல்ல மண்ணில் ஏன் ஜனங்கள் நல்ல பழமரம் நடுவதில் அக்கறை காட்டவில்லை என்று அவருக்கே ஒரு கேள்வி. பதிலையும் சொல்கிறார். எங்காவது ஒரு மரத்தில் விசேஷமான பழம் காய்த்தால், அதிகாரிகள் வந்து இராசாவின் பெயரால் அந்த மரத்தில் ஒரு கயிறு கட்டுவார்களாம். கயிற்று நுனியில் மூன்று முடிச்சு. அதற்குப் பிறகு, மரத்தை நட்டு வளர்த்த சொந்தக்காரனே ஆனாலும் பழத்தில் கை வைக்க முடியாது. வைத்தால் கடும் தண்டனை, உயிர்கூடப் போகலாம். பழுத்ததும் வெள்ளைத் துணியில் சுற்றி மேலிடத்துக்குப் போகும். அப்படியென்றால் எவன் நடுவான்?

இந்த மூன்று முடிச்சைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து இல்லாதவர்களின் வரலாற்றை எங்கே போய்ப் படிப்பது? எங்களுக்குக் கிடைத்த ஒரு வழி, பெயர்கள். தெரியாத ஒரு பழத்துக்கு ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறதென்றால், யாரோ யாரிடமோ 'இது என்ன?' என்று கேட்டிருக்கிறார்கள், யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனைக்கொய்யாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு நண்பர்களோடு இந்தச் சொல்லைப் பேசினால் முழிப்பார்கள். அவர்களுக்கு அது அவகாடோ, இல்லாவிட்டால் வெண்ணெய்ப்பழம், பட்டர் ஃப்ரூட். நமக்கு மட்டும் ஏன் ஆனை? அந்தப் பழத்துக்கும் ஆனைக்கும் என்ன சம்பந்தம்? கொய்யாவுக்கும்தான் என்ன சம்பந்தம்?

மெக்சிகோவின் நாஹுவாட்டில் பாஷையில் அதன் பெயர் 'அவாக்கட்டில்'. ஸ்பானியர் வாயில் அது அவகாத்தே ஆனது. ஆங்கிலேயருக்கு அதுவும் சரியாக விழவில்லை, 'அலிகேட்டர் பெயார்' ஆக்கிவிட்டார்கள். முதலைப் பேரிக்காய்! ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பெயரோடு பழம் இங்கே வருகிறது. சிங்களக் காதில் அது 'அலிகெட்ட பேர' என்று விழுகிறது. சிங்களத்தில் அலி என்றால் யானைகள். பேர என்பது போர்த்துக்கேயரின் பேரிக்காயிலிருந்து வந்த சொல்தான், ஆனால் சிங்களத்தில் அது கொய்யாவைக் குறிக்கிறது. இப்போது தமிழில் வைத்துப் பாருங்கள்: அலி, ஆனை; பேர, கொய்யா. ஆனைக்கொய்யா! இது எங்கள் ஊகம்தான், எந்த அகராதியிலும் பார்த்து எழுதவில்லை. ஆனால் சிங்களத்தின் வழியாக வராமல் இந்தப் பெயர் தமிழுக்கு வர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் புறப்பட்ட சொல் ஆங்கிலத்தில் முதலையாகி, சிங்களத்தில் யானையாகி, நமது வீட்டில் வந்து சீனி போட்டுப் பிசைந்த கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படி மொழிபெயர்க்க வேண்டுமென்றால் தமிழ் பேசுகிற ஒருவருக்குச் சிங்களம் விளங்கியிருக்க வேண்டும். சந்தையிலோ வேலியோரத்திலோ நின்று கதைத்திருக்க வேண்டும். கொடித்தோடையும் அப்படித்தான். பெஷன் ஃப்ரூட்டுக்குச் சிங்களத்தில் 'வெல் தொடம்'. வெல் என்றால் கொடி, தொடம் என்றால் தோடம்பழம். இதில் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பிரிக்கவே முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. தோட்டத்து ஆட்களும் கிராமத்து ஆட்களும் ஒட்டாமல் தனித்தனியே இருந்தார்கள் என்றுதான் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கிறார்கள். பழக்கூடைக்குள் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

எங்க அம்மாயியிடம் ஆனைக்கொய்யாவைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "எங்க அம்மா மொத மொத அத பாத்தப்ப பழம்னே தெரியலையாம். பச்சையா இருந்துச்சா, காயின்னு நெனச்சு கறி வைச்சிருச்சு. கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. சட்டியோட கொட்டிட்டாங்க. பொறகு கெராமத்துல இருந்து கிரிபத் கொண்டாற ஒரு நோனாதான் சொல்லிக் குடுத்துச்சு, அரிசிப் பானைக்குள்ள ரெண்டு நாள் போட்டு வைன்னு." இதைவிட நல்ல ஒரு முதல் சந்திப்பை நொக்ஸும் எழுதவில்லை.

கொக்கோவுக்கு வருவோம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு, அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் கோப்பி படுத்துவிட்டது. உயர்ந்த மலைகளில் தேயிலை வந்தது. மாத்தளை, தும்பறைப் பக்கம் தாழ்வான, நிழலான இடங்களில் கொக்கோவும் பிறகு இறப்பரும் வந்தன. கொக்கோக் காயை உடைத்தால் உள்ளே கொட்டைகளைச் சுற்றி வெள்ளையாக, வழவழவென்று ஒரு சதை. புளிப்பும் இனிப்பும் கலந்த, கொஞ்சம் ரம்புட்டானைப் போன்ற ருசி. சொக்லட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொக்லட் என்பது கொட்டையைச் சதையோடு குவித்து, மூடி, சில நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகு வருவது. புளிப்பதற்கு அந்தச் சதையில் இருக்கிற சீனி வேண்டும். ஆகவே தோட்டத்துக் கணக்கில் சதையும் சரக்குத்தான். காய் உடைக்கிற இடத்தில் ஒரு பிள்ளை கொட்டையை வாயில் போட்டுச் சூப்பினால் அது களவு. சூப்பாத பிள்ளையும் இருந்திருக்காது. அம்மாயி தலைமுறையில் எல்லாருக்கும் கொக்கோவின் ருசி தெரியும். சொக்லட்டின் ருசி தெரிய ரொம்ப வருஷம் ஆனது.

பேராதனைப் பூங்கா 1821இல் ஆரம்பமானது. உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் செடிகள் அங்கே வந்து, பழக்கப்பட்டு, நாட்டுக்குள் போயின. எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று அவற்றுக்குப் பதிவு உண்டு. ஈரப்பலாவுக்குச் சிங்களத்தில் 'ரட்ட தெல்' என்று பெயர், வெளிநாட்டுத் தெல். நமது ஆட்கள் 'சீமை' என்று முன்னால் ஒட்டுகிற மாதிரித்தான். பெயரிலேயே வெளிநாடு இருக்கிறது, இருந்தும் ஈரப்பலாவை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலாவோடு சேர்த்து அதற்கும் பாதுகாப்புக் கொடுத்தார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்ட முடியாது. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டை பிரிக்கிற மாதிரி.

அம்மாயியின் தம்பி அந்தக் கணக்கில் போனவர். மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். இங்கே இருந்தவரைக்கும் அவரை இந்தியாக்காரன் என்றார்கள். அங்கே போனதும் சிலோன்காரன். போன புதிதில் அவர் சந்தையில் ஆனைக்கொய்யா கேட்டாராம். அங்கே அந்தப் பழம் இருந்தது, பெயர்தான் இல்லை. கடைக்காரர் கொய்யாவை எடுத்துக் கொடுத்தாராம், பெரிதாகப் பார்த்து. அந்தத் தாத்தா கடிதத்தில் எழுதியதில் அம்மாயிக்கு இன்றைக்கும் ஞாபகமிருப்பது இது ஒன்றுதான்.

இனி அந்த மூன்று முடிச்சு. அம்மாயியும் தாத்தாவும் இருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு பலா மரம் நின்றது. தாத்தா கொட்டை போட்டு முளைக்கவைத்தது. எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது, கூப்பன் அரிசியும் மாவும் குறைந்து ஜனங்கள் சாகிற அளவுக்குப் போன அந்த வருஷங்களில், நாலு வீட்டுக்குப் பொலொஸும் கொஸும் கொட்டையும் கொடுத்தது அந்த மரம்தான். நாங்கள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் லொறி வந்து நின்றது. நிர்வாகம் மரத்தை விற்றுவிட்டது. பலா மரப் பலகைக்கு நல்ல விலை. அனுமதிப்பத்திரம் முறையாக எடுத்திருந்தார்கள். அதில் காணிக்குச் சொந்தக்காரர் பெயர் இருந்தது. நட்டவர் பெயர் எழுத அந்தக் கடதாசியில் இடமே இல்லை. தாத்தா அப்போது உயிரோடு இல்லை என்பது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. லயத்தில் இருக்கிறவர்கள் ஏன் மரம் நடுவதில்லை, சோம்பேறிகளா என்று வகுப்பில் ஒருமுறை ஒருவர் கேட்டார். அவருக்கு நொக்ஸின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம்.

இப்போது காணி தருகிறோம் என்கிறார்கள். ஒரு அரசாங்கம் ஏழு பேர்ச் என்றது, இன்னொன்று பத்து பேர்ச் என்றது. சில இடங்களில் 550 சதுர அடி வீடுகள் வந்திருக்கின்றன, பல இடங்களில் லயம் அப்படியே நிற்கிறது. நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏழு பேர்ச் என்றால் சுமார் 177 சதுர மீற்றர். வீட்டுக்கு 51 போய்விடும். ஒரு பலா மரம் நன்றாக வளர பத்து மீற்றர் இடைவெளி விடச் சொல்வார்கள், அது 100. மிச்சம் 26 சதுர மீற்றர். அதில் கிணறு, கக்கூஸ், கோழிக்கூடு, பாதை, ஒரு ஆனைக்கொய்யா.

கணக்கை அம்மாயியிடம் காட்டினோம். அவர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலாவ ஏன்டா நடுவுல வைக்கிறீங்க? வேலியோரமா வைங்க. பாதி நெழல் அவங்க பக்கம் விழட்டும், பாதிப் பழமும் அவங்க பக்கம் விழட்டும்" என்றார்.